சும்மா விட்ட நாலு வரிசை

என் தகப்பனார் தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய தம்பிகள் போடியில் ஏலக்காய் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு பேரிடம் ஆர்டர் பிடித்துவிடுகிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் வாயில்லாப் பூச்சி. என்னைக் கடையில் உட்கார வைத்தால், வெல்லம் கேட்டு வந்தவரிடம், இந்த வெல்லம் கொஞ்சம் கசிகிறது, நாளைக்குப் புதுசு வரும், அப்போது வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவனை எழுபதுகளின் கடைசியில் ஒரு பயிர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பயிற்சிக்கு எடுத்தது. நான் தாவரவியல் படித்திருந்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. மூன்று மாதம் பயிற்சி. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் திரும்பவும் அப்பாவின் கடை, அவர் தலை, அவர் கை.

அல்லிநகரத்தில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். ஒரு மேசை, சுவரோரம் மருந்துப் பெட்டிகள், எங்கள் மேற்பார்வையாளர். மதுரைக்காரர். நாற்பது வயதிருக்கும். நான் அவரை சார் என்பேன். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். சாப்பிட்டாயா என்று தினமும் கேட்பார், கேட்டுவிட்டுத் தன் இலையில் இருக்கும் அப்பளத்தை எனக்குத் தள்ளுவார். ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால் அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

முதல் இரண்டு வாரம் அவர் பேசினார், நான் பெட்டி தூக்கினேன். கம்பம் பஸ், அங்கிருந்து டவுன் பஸ், அப்புறம் நடை. மூன்றாவது வாரம் காமயகவுண்டன்பட்டி டீக்கடையில் ஐந்தாறு திராட்சைத் தோட்டக்காரர்கள் முன்னால் என்னைத் திடீரென்று பேசச் சொன்னார். கல்லூரியில் படித்த நோயின் பெயரை லத்தீனில் சொல்லி ஆரம்பித்தேன். பெஞ்சில் இருந்த ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அது எந்தக் கோயில் சாமி தம்பி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சார் என்னைத் திட்டவில்லை. "உனக்குப் பேச வராது. அதனால நீ பேச வேண்டாம், காட்டு" என்றார். அவர் சொன்னது செயல்விளக்கத் தோட்டம். ஒரு விவசாயியைப் பிடிப்பது. அவர் தோட்டம் முழுவதற்கும் கம்பெனியே இலவசமாக மருந்து அடித்துக்கொடுக்கும். பதிலுக்கு அவர் நாலு வரிசையை எந்த மருந்தும் அடிக்காமல் விட வேண்டும். அடித்ததும் அடிக்காததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு நாள் குறித்து ஊரைக் கூட்டிக் காட்டினால் சனங்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். மருந்து அடிக்காத வரிசைக்குக் கம்பெனிப் பேச்சில் செக் என்று பெயர். ஊர்க்காரர்கள் 'சும்மா விட்டது' என்றார்கள்.

எங்களுக்குக் கிடைத்த தோட்டம் கம்பம் ரோட்டை ஒட்டி இருந்தது. பன்னீர்த் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். புரட்டாசியில் பழைய கொடியை வெட்டிக் கவாத்து முடித்து, புதுத் தளிர் விட்டு, பூங்குலை தலைகாட்டியிருந்த நேரம். தோட்டக்காரர் ஐம்பதை நெருங்கியவர், வேட்டியில் ஒரு பொட்டு மண் இருக்காது. இலவச மருந்தைவிட, முடிவில் இனாமாகத் தருவதாகச் சொன்ன புது ஸ்பிரேயரும், ரோட்டோரம் நிற்கப்போகும் தகரப் போர்டும்தான் அவருக்குப் பெரிதாக இருந்தன. போர்டில் அவர் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கும் என்று கையால் அளந்து கேட்டார்.

எந்த நாலு வரிசையை விடுவது என்று பேச்சு வந்தபோது சார் தோட்டத்தின் நடுவைக் காட்டினார். அப்போதுதான் நான், அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கேட்காமலே வாயைத் திறந்தேன்.

"ரோட்டோர வரிசையா இருந்தா பஸ்ல போறவங்க கண்ணுக்கும் படும் சார்."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லையே, மூளை இருக்கு" என்றார். தோட்டக்காரர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரோட்டுப் பக்கமா? தாராளமா எடுத்துக்கங்க" என்றார். யோசிக்கக்கூட இல்லை. மற்ற வரிசைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லி முகம் சுளித்தவர் இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தாராளம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மூளை இருக்கிறது என்ற சொல்லிலேயே மிதந்துகொண்டிருந்தேன். அன்றைக்கே இரண்டு சின்னத் தகரங்களில் 'மருந்து அடித்தது', 'மருந்து அடிக்காதது' என்று எழுதி நானே குழி தோண்டி நட்டேன்.

அப்புறம் என் வேலை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்கே போய் முறை வரும்போது ஆளை வைத்து மற்ற வரிசைகளுக்கு மருந்து அடிக்கச் செய்வதும், இரண்டு பக்கத்து இலைகளையும் பார்த்து நோட்டில் எழுதுவதும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத தூறல். சார் ஆபீஸ் சன்னலில் நின்று மழையைப் பார்த்து, "நல்லாப் பெய்யட்டும்" என்றார்.

மழை விட்ட காலையில் நான் போனபோது ரோட்டோரப் பந்தலுக்குக் கீழே தோட்டக்காரரின் மனைவி நின்றிருந்தார். அதுவரை அவரைத் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஓர் இலையைத் திருப்பிப் பிடித்திருந்தார். மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சை.

"இங்கன பாருங்க தம்பி. அடிச்சாம்பல் வந்துருச்சு. வீட்டுல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கெடக்கு. கலந்து அடிக்கட்டுமானு கேட்டா, கம்பெனிக்காரகளக் கேக்கணும்னு சொல்றாக. கம்பெனிங்கிறது நீங்கதேன? அடிக்கட்டுமா?"

"இது செக் வரிசைக்கா. அடிக்காம விட்டாத்தான் வித்தியாசம் தெரியும்" என்றேன்.

"நடுத்தோட்டத்துல விட்டா தெரியாதா?"

நான் நோட்டைப் புரட்டினேன். அவர் இலையைப் பறித்துக் கையில் மடித்துக்கொண்டார். "இந்த நாலு வரிசையும் என்னோட சிறுவாடு தம்பி. அவுக சொல்லலையா?"

சிறுவாடு என்றால் அந்தப் பக்கத்து வீடுகளில் பெண்கள் தமக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்வது. கோழி வளர்த்து, ஆட்டுக்குட்டி வளர்த்து, தானியம் விற்றதில் கொஞ்சம் எடுத்து வைத்து. ஆண்கள் அதைக் கேட்கமாட்டார்கள், பெண்களும் கணக்குச் சொல்லமாட்டார்கள். இவருக்குக் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டில் கொடுத்த பணத்தில்தான் அந்த ரோட்டோரத் துண்டில் கல்தூணும் கம்பியும் போட்டிருக்கிறார்கள். அதில் விளைவது அவர் கைக்கு. தோட்டக்காரர் ஏன் அவ்வளவு தாராளமாகக் கையைக் காட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கணக்கில் அந்த நாலு வரிசை போனால் எதுவுமே போகவில்லை.

மூத்த மகளுக்கு மதுரைப் பக்கம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பொங்கலுக்குள் ஹாஸ்டலுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு மதுரை என்பது தகப்பனின் கட்சி. இந்தத் தடவை குலை வெட்டு வந்தால் தானே கட்டிவிடுவேன் என்று இவர் சொல்ல, கட்டு பார்ப்போம் என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் அந்த அம்மாள் சண்டைக்காரக் குரலில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னார். நான்தான் டாக்டர். என் பையில் அதற்கான மருந்து அரைக்கிலோப் பொட்டலமாக நாலு இருந்தன.

"கேட்டுச் சொல்றேன்கா" என்றேன்.

அன்று சாயங்காலமே சாரிடம் கேட்டேன். வேறு நாலு வரிசையை எடுத்துக்கொள்ளலாமே என்றேன். அவர் சிரித்தார். "வேற வரிசைக்கு ஏற்கெனவே மூணு தடவை மருந்து அடிச்சாச்சு. அது எப்படிப்பா செக் ஆகும்? இப்ப இதுக்கும் அடிச்சா டெமோவே இல்ல. மதுரையில இருந்து மேனேஜர் வர்றாரு. உன்னைத் தேறினவன்னு எழுதவா, தேறாதவன்னு எழுதவா?" கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

தோட்டக்காரரிடமும் போய்ப் பேசிப் பார்த்தேன். அவர் டீக்கடையில் நாலு பேரோடு இருந்தார். நான் மெதுவாக ஆரம்பிக்கும்போதே, "அவ உங்ககிட்டயும் வந்துட்டாளா?" என்று கேட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "போர்டுல எழுதி நட்டது நீங்க. பொம்பள பேச்சக் கேட்டுப் பிடுங்கச் சொல்றீகளா?" அவர்களும் சிரித்தார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். காசுகூட அவர்தான் கொடுத்தார்.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததுதான். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. யார் கையையும் யாரும் கட்டிப்போடவில்லை. ஸ்பிரேயர் இருந்தது, தண்ணீர் இருந்தது, மருந்து இருந்தது. அரை மணி நேர வேலை. ஒவ்வொரு தடவை பஸ்ஸில் ஏறும்போதும் இன்றைக்கு அடித்துவிடுவது என்று முடிவு செய்வேன். சின்னமனூர் தாண்டும்போது அப்பாவின் கடை ஞாபகம் வரும். உத்தமபாளையம் வரும்போது முடிவு பாதியாகிவிடும். இறங்கும்போது நோட்டும் பேனாவும்தான் கையில் இருக்கும்.

இலை கருகியது. பூங்குலைகள் பழுப்பாகிக் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தன. நான் எழுதினேன். எத்தனாவது நாளில் திட்டு, எத்தனாவது நாளில் வெள்ளை, குலையில் எங்கே முதலில் ஆரம்பிக்கிறது, காலை வெயில் படுகிற பக்கத்துக்கும் படாத பக்கத்துக்கும் என்ன வித்தியாசம். கல்லூரியில் மூன்று வருடத்தில் படிக்காததை அந்த மூன்று வாரத்தில் படித்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குப் பேச்சு வர ஆரம்பித்தது. ரோட்டில் போகிற விவசாயிகள் சைக்கிளை நிறுத்தி, "என்னய்யா இப்பிடிக் கெடக்கு?" என்று கேட்பார்கள். நான் இலையைத் திருப்பிக் காட்டிச் சொல்லுவேன். தெரிந்ததைச் சொல்லும்போது நாக்குக் குழறாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட்டவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் தன் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அந்த அம்மாள் என்னிடம் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. நான் வந்தால் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விவசாயிகள் கூட்டத்துக்கு முந்தின நாள் சாரும் நானும் ஏற்பாடுகளைப் பார்க்கப் போனோம். பந்தலுக்கு வெளியே சாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். சார் ரோட்டோர வரிசையைப் பார்த்துக்கொண்டே போனார். முகம் மலர்ந்திருந்தது. கடைசி வரிசையின் வாய்க்கால் பக்க மூலையில் நின்றுவிட்டார்.

அந்த மூலையில் ஒரு கொடி மட்டும் பச்சையாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு குலை, மிளகு அளவுக்குக் காய் பிடித்து, திரண்டு தொங்கியது. இலையின்மேல் நீலத்தில் புள்ளி புள்ளியாகக் கறை. மயில்துத்தம். ஸ்பிரேயரில் அடித்தது இல்லை. விளக்குமாற்றை வாளியில் முக்கி உதறியிருக்கிறார். பந்தலின் அடியில், கல்தூணில்கூட நீலம் தெறித்திருந்தது. நாலு வரிசையில் அந்த ஒரு கொடியைத்தான் அவரால் யாருக்கும் தெரியாமல் காப்பாற்ற முடிந்திருக்கிறது. நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து எழுதியவன், எனக்கே தெரியவில்லை. இல்லை, அது பொய். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே அந்த மூலையில் பச்சையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் போகாமல் எழுதினேன். அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"மேனேஜர் கண்ணுல இதுதான் முதல்ல படும்" என்றார் சார். "மருந்து அடிக்காமலே இது நல்லாத்தான இருக்குன்னு எவனாவது ஒருத்தன் கேட்பான். மொத்தமும் கெட்டுச்சு." ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இலையையும் குலையையும் உருவிவிட்டுரு. கொடி பிழைச்சுக்கும்."

"சார், வேண்டாம் சார்."

"நான் செய்யவா?"

அவர் செய்திருக்கலாம். நான் ஏன் அவரைச் செய்ய விடவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சார் வேட்டி சட்டை அழுக்காகிவிடும், அது என் வேலை என்று கை தானாகப் போயிற்று. அவ்வளவுதான். காம்பு பச்சையாக இருந்ததால் குலைகள் எளிதில் வரவில்லை. திருகினேன். கையெல்லாம் நீலமும் பச்சையும். உருவியதை வாய்க்காலில் போட்டால் மிதந்து தெரியும் என்று சார் சொன்னதால் சாக்கில் கட்டினேன். திரும்பியபோது அந்த அம்மாள் வரப்பில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். வீட்டைப் பார்த்துப் போய்விட்டார். அந்த இடத்திலேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் நல்ல வெயில். காமயகவுண்டன்பட்டியிலிருந்தும் கம்பத்துச் சுற்றுப்பட்டியிலிருந்தும் நூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். தோட்டக்காரர் தோளில் புதுத் துண்டோடு போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். மேனேஜர் காரில் வந்தார். சார் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "நோய் எப்படி வந்துச்சுன்னு கூடவே இருந்து பார்த்தவர் சொல்லுவாரு" என்று என்னை முன்னால் தள்ளினார்.

பேசினேன். கருகிய வரிசையிலிருந்து அடித்த வரிசைக்குக் கூட்டத்தை நடத்திக்கொண்டு போய், இன்ன நாள் இப்படி, இன்ன நாள் இப்படி என்று நோட்டைப் பார்க்காமலே சொன்னேன். ஒருவர்கூட நடுவில் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நாலைந்து பேருக்கு எங்கள் விளக்கத் தாளை ஒரு பெண் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பாவாடை தாவணி, இரட்டைச் சடை. ஒவ்வொரு வரியாக நிறுத்தி, புரிந்ததா என்று முகத்தைப் பார்த்து, அப்புறம் அடுத்த வரி. அவள்தான் அந்த மகள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொண்டுபோன பெட்டிகள் காலியாகி, மேலும் ஆர்டர் எழுதிக்கொண்டோம். மேனேஜர் என் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். சார் என் காதருகே வந்து, "தேறிட்டப்பா, கடிதம் வந்துரும்" என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டம் கலைந்து, சாமியானாவை அவிழ்க்கும்போது நான் மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த இரண்டு பொட்டலங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் வந்தார். மடியிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒண்ணு குடுங்க தம்பி."

"உங்களுக்கு இலவசம்தான்கா. கம்பெனியில..."

"அது அவுக வரிசைக்கு. இது என் வரிசைக்கு. அடுத்த கவாத்துக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்கிறேன்."

பணத்தைத் தள்ளிவிடத் தைரியம் வரவில்லை. பொட்டலத்தைக் கொடுத்தேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "பாப்பா மதுரைக்கு..."

"போகல. அவுக அக்கா மகனுக்குப் பேசி முடிச்சுட்டாக. தையில கல்யாணம்." பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எழுத்துத் தெரியாது. அவ போயிட்டா வாசிச்சுச் சொல்லவும் ஆள் இல்ல. எப்பிடிக் கலக்கணும்னு சொல்லிருங்க."

சொன்னேன். ஸ்பிரேயர் ஒரு டேங்குக்குத் தீப்பெட்டியால் எத்தனை பெட்டி என்று சொன்னேன். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழப்பிக்கொள்ள வேண்டும், கட்டி இருந்தால் ஸ்பிரேயர் மூக்கை அடைக்கும், மூன்று இலை வந்ததுமே முதல் தடவை, மழைக்கு முன்னால் ஒரு தடவை, இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். ஓர் இடத்திலும் திக்கவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்லாச் சொல்றீக தம்பி" என்றார்.